43 வயதில் படப்பிடிப்புத் தளத்தில் அடிமட்ட வேலைக்குச் சேரலாமா?

ஓரக்காட்சி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வயது 43. ஒரு மருத்துவமனையின் நிர்வாகப் பிரிவில் இருக்கிறேன். எந்த வார்டுக்கு யார், எந்த ஷிஃப்டுக்கு யார், திடீரென்று ஒருவர் வராவிட்டால் அவர் இடத்தில் யார் என்று பட்டியல் போடுவதுதான் பல வருடங்களாக என் வேலை.

சினிமாவில் வேலை செய்யவேண்டும் என்ற ஆசை கல்லூரி நாளிலிருந்தே உண்டு. அப்போது வீட்டுச் சூழ்நிலை இடம் கொடுக்கவில்லை. இப்போது பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், மனைவியும் சம்பாதிக்கிறார். வீட்டில் வெளிப்படையாகப் பேசியும் ஆகிவிட்டது.

நடிக்க ஆசையில்லை. இயக்குநராகியே தீருவேன் என்றும் சொல்லவில்லை. ஒரு படம் உருவாகிற இடத்தில் நின்று உழைக்கவேண்டும், அங்கிருந்து மெல்ல மேலே வரவேண்டும். அதற்கு அடிமட்டத்தில் நுழையத் தயார். இந்த வயதில் புரொடக்‌ஷன் அசிஸ்டென்டாக யாராவது எடுப்பார்களா? உடம்பு தாங்குமா? என்னைவிட இருபது வயது இளையவர் சொல்வதைக் கேட்டு ஓடுவதில் எனக்குச் சங்கடமில்லை. அவர்களுக்கு இருக்குமா? தாமதமாக வந்தவர்களும் அப்படிப்பட்டவர்களோடு வேலை செய்தவர்களும் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

கிளாப்போர்டு எழுதியது:

எடுப்பார்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் இந்தக் கேள்வியிலேயே நின்றுவிடுகிறார்கள். நான் உதவி இயக்குநராக இருந்து ஆள் எடுத்த அனுபவத்தில் சொல்கிறேன்: அடிமட்ட வேலைக்கு ஆள் தேடுகிறவர் சான்றிதழ் பார்ப்பதில்லை, பெரும்பாலும் வயதும் கேட்பதில்லை. நாளை விடியற்காலையில் ஆள் வேண்டும், சொன்ன நேரத்துக்கு வருவாரா, தெரிந்தவர் யாராவது "நல்ல ஆள், நம்பி விடலாம்" என்று சொல்கிறார்களா, அவ்வளவுதான். இந்த வேலைகளில் பாதிக்கு மேல் விளம்பரத்துக்கே வராது. போன படத்தில் கூட இருந்தவர் ஒரு போன் நம்பர் கொடுப்பார், அதோடு முடிந்தது. அதனால் உங்களுக்கு உண்மையான தடை, அந்த வட்டத்தில் உங்களை யாருக்கும் தெரியாது என்பதுதான். 22 வயதுப் பையனுக்கும் அதே தடை உண்டு. ஆனால் அவனோடு படித்தவர்கள் நாலு பேர் ஏற்கெனவே உள்ளே இருப்பார்கள், உங்களுக்கு அது கிடையாது.

வேலை என்ன என்பதைத் தெரிந்துகொண்டு வாருங்கள். புரொடக்‌ஷன் அசிஸ்டென்ட் கேமராவுக்குப் பக்கத்தில் நிற்பவர் இல்லை. படப்பிடிப்பு நடக்கும் தெருவின் கடைசி முனையில் நின்று, டேக் போகும்போது யாரும் குறுக்கே வராமல் பார்த்துக்கொள்வார். கேரவனிலிருந்து நடிகரைக் கூட்டிவருவார், அவர் கிளம்பிய நொடியில் வாக்கிடாக்கியில் தகவல் சொல்வார். மறுநாள் அட்டவணையை ஒவ்வொரு பிரிவின் கையிலும் சேர்ப்பார். நூறு துணை நடிகர்களுக்குப் பெயர் சரிபார்ப்பார். முதல் ஆளாக வந்து கடைசி ஆளாகப் போவார். எடுக்கிற காட்சியை ஒரு முறைகூடப் பார்க்காமல் ஒரு முழு நாள் போய்விடும். சினிமாவை அருகிலிருந்து பார்க்க வருகிறவர்களுக்கு இது பெரிய ஏமாற்றமாக இருக்கும். வேலை நடப்பதற்கு நாமும் ஒரு காரணம் என்பதே போதும் என்று நினைக்கிறவர்கள்தான் இதில் நிலைக்கிறார்கள். உங்கள் பதிவைப் படித்தால் நீங்கள் இரண்டாவது வகை என்று தோன்றுகிறது.

---

இரவுப்பணி எழுதியது:

அண்ணே, மனம் நோகவேண்டாம், நான் கொஞ்சம் கடுமையாகத்தான் எழுதப்போகிறேன்.

லைட்டிங் பிரிவில் பல வருடமாக இருக்கிறேன். பல இடங்களில் படப்பிடிப்பில் ஒரு நாள் என்பது சாதாரணமாகப் பன்னிரண்டு மணி நேரம். அது எழுத்தில். போகவர ஆகும் நேரம் தனி. வாரம் திங்களன்று காலையில் ஆரம்பிக்கும். சூரியனைத் துரத்தி ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போய், வெள்ளி இரவு வேலை சனிக்கிழமை விடியலில் முடியும். 25 வயதில் ஞாயிறு முழுக்கத் தூங்கிச் சரிசெய்துவிடலாம். 43-இல் திங்கட்கிழமையும் அந்த அசதி கூடவே வரும். முட்டியும் முதுகும் தனிக்கதை.

இதில் எனக்கு மிகவும் பயம் தருவது தூக்கமில்லாமல் வண்டி ஓட்டுவது. 1997-இல் அமெரிக்காவில் ஒரு உதவி ஒளிப்பதிவாளர் 19 மணி நேர வேலை முடித்துத் தானே கார் ஓட்டிக்கொண்டு வீடு திரும்பும்போது விபத்தில் இறந்துபோனார். 35 வயது. ஒளிப்பதிவாளர் ஹாஸ்கல் வெக்ஸ்லர் இந்த நீண்ட வேலைநேரத்தைப் பற்றி ஒரு ஆவணப்படமே எடுத்தார், 2006-இல் வந்தது. சினிமாவுக்குள் வருகிற எல்லோரும் அதைப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்று நினைக்கிறேன். முதல் நாளே ஒரு முடிவு எடுங்கள்: பதினாலு மணி நேரம் தாண்டினால் வண்டி ஓட்டமாட்டேன், வேறு வாகனம் கேட்பேன், கிடைக்காவிட்டால் அங்கேயே தூங்கிவிட்டுத்தான் கிளம்புவேன். இதைச் சொல்வதால் வேலை போகும் என்றால் அந்த வேலை போகட்டும். வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அடுத்தது பணம். எவ்வளவு தருவார்கள் என்பதைவிட, எப்போது வேலை இருக்கும் என்று யாருக்கும் தெரியாது என்பதுதான் பிரச்சினை. 2023-இல் ஹாலிவுட்டில் எழுத்தாளர்கள் 148 நாளும் நடிகர்கள் 118 நாளும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கேட்டது நியாயம்தான். ஆனால் அந்தப் பேச்சுவார்த்தையில் இடமே இல்லாத லைட்மேன், தையல்காரர், டிரைவர் எல்லோரும் மாதக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்தார்கள். அவ்வளவு பெரிய தொழிலிலேயே அப்படி. ஆறு மாதம் வருமானமே வராது என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தக் கணக்கில் வீடு நின்றால் மட்டும் வேலையை விடுங்கள்.

---

முதல்வரிசை எழுதியது:

இவ்வளவு பயமுறுத்த வேண்டுமா? வயது ஒரு தடையே இல்லை நண்பரே. சத்யஜித் ராய் விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்தவர், முதல் படம் 1955-இல் வரும்போது 34 வயது. ரிட்லி ஸ்காட்டுக்கு முதல் படம் வந்தபோது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். மைக்கேல் ஹனெகே திரையரங்குக்கான முதல் படத்தை எடுத்தது 1989-இல், 40 தாண்டிப் பல வருடம் ஆகிவிட்டது. நடிகர் அம்ரிஷ் பூரி அரசுக் காப்பீட்டு அலுவலகத்தில் வருடக்கணக்கில் உத்தியோகம் பார்த்தவர். இவர்களால் முடிந்தது உங்களாலும் முடியும்.

---

டைம்லைன் எழுதியது:

முதல்வரிசை, நீங்கள் சொன்ன விவரம் எல்லாம் சரி. ஆனால் அதிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவில் எனக்கு உடன்பாடில்லை, ஏனென்றால் கேள்வி கேட்டவருக்கு அது வழி காட்டாது.

ராய் 1943-லிருந்து விளம்பர நிறுவனத்தில் ஓவியர். காட்சியைச் சட்டகமாக யோசிப்பது அவருக்கு அன்றாட வேலை. படம் எடுத்துக்கொண்டிருந்தபோதும் அந்த வேலையை அவர் விடவில்லை. ஸ்காட் அதற்கு முன்பே ஏராளமான விளம்பரப் படங்கள் இயக்கியவர். ஹனெகே வெகுகாலம் தொலைக்காட்சியில் இருந்தார். அம்ரிஷ் பூரி உத்தியோகத்தோடு மேடை நாடகமும் செய்துவந்தவர். அமெரிக்க இயக்குநர் ஏவா டுவெர்னேயையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அவர் படங்களுக்கு விளம்பரத் தொடர்பாளராக இருந்தவர், சொந்தமாக ஒரு நிறுவனமே நடத்தினார். முதல் கதைப்படம் 2010-இல், 38 வயது வாக்கில். படப்பிடிப்புத் தளங்களைப் பல வருடம் பக்கத்திலிருந்து பார்த்தவர்.

இவர்கள் யாரும் பழைய வாழ்க்கையைக் கழற்றி வைத்துவிட்டுப் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கவில்லை. பழைய வேலை எந்தக் கதவைத் திறக்குமோ அந்தக் கதவு வழியாக வந்தார்கள். ஓரக்காட்சி கேட்டது இயக்குநர் ஆவது பற்றி இல்லை, சரி. ஆனால் இந்த விஷயம் அடிமட்ட வேலைக்கும் அப்படியே பொருந்தும். "எந்த வேலையானாலும் செய்கிறேன்" என்று வருகிற 43 வயதுக்காரரை எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியாது. "பட்டியல் போடுவதிலும் கடைசி நிமிடத்தில் ஆள் மாற்றுவதிலும் எனக்கு அனுபவம் உண்டு" என்று வருகிறவரை எங்கே வைப்பது என்று உடனே தெரிந்துவிடும்.

நான் எடிட்டிங் பக்கம். உதவி எடிட்டர் வேலையைப் பலர் யோசிப்பதில்லை, அதனால் சொல்கிறேன். வருகிற காட்சிகளையும் தனியாகப் பதிவான ஒலியையும் கிளாப் அடித்த இடத்தில் பொருத்துவது, ஒவ்வொரு ஷாட்டுக்கும் சரியான பெயர் வைத்து அடுக்குவது, எடிட் செய்ய வசதியாக எடை குறைந்த நகல் கோப்புகளை (பிராக்ஸி) உருவாக்குவது, எடிட் முடிந்ததும் ஒலிக்கும் கலர் வேலைக்கும் பிரித்து அனுப்புவது. வெயிலில் நிற்கவேண்டாம், நாற்காலி உண்டு. பொறுமையும் ஒழுங்கும்தான் மூலதனம். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருள் இலவசப் பதிப்பாகவே கிடைக்கிறது, வேலையை விடாமல் இரவில் வீட்டிலேயே பழகலாம். பெரிய இடங்களில் அவிட் என்ற மென்பொருள் தெரியுமா என்று கேட்பார்கள், அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

---

நூலும்ஊசியும் எழுதியது:

நான் 47-இல் வந்தவள். அதற்கு முன் வீட்டிலேயே தையல். ஒரு குறும்படத்துக்குப் பழங்காலச் சட்டை தைத்துத் தரமுடியுமா என்று தெரிந்த பெண் ஒருத்தி கேட்டாள். தைத்துக் கொடுத்தேன். படப்பிடிப்பன்று வந்து நடிகருக்குப் பொருத்தியும் கொடுங்கள் என்றார்கள், போனேன். அங்கே ஒரு சண்டைக் காட்சி. ஒரே சட்டை மூன்று நிலையில் வேண்டும்: சுத்தமாக ஒன்று, தோளில் கிழிந்தது ஒன்று, ரத்தக்கறையோடு ஒன்று. காட்சிகளை வரிசையாக எடுப்பதில்லை, ரத்தக்கறைச் சட்டையைக் காலையிலும் சுத்தமான சட்டையை மாலையிலும் போட்டு எடுத்தார்கள். சண்டைப் பயிற்சியாளர் உள்ளே பஞ்சு வைக்கவேண்டும் என்றதும் இன்னொரு சட்டை இரண்டு அளவு பெரிதாக வேண்டியிருந்தது. அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது, இது எனக்குத் தெரிந்த வேலைதான், கேள்விகள்தான் புதுசு.

காஸ்ட்யூம் பிரிவில் என் வயதை யாரும் பொருட்படுத்தவில்லை. நடிகர்கள் உடை மாற்றும்போது பக்கத்தில் நிதானமான ஆள் ஒருவர் இருப்பதை விரும்புகிறார்கள். தச்சர், எலக்ட்ரீஷியன், பெயின்டர், தையல்காரர் என்று கைத்தொழில் தெரிந்த யாருக்கும் சினிமாவில் வயது பெரிய விஷயமில்லை என்பது என் அனுபவம். செட் போடுகிறவருக்கு நேராக ரம்பம் பிடிக்கத் தெரிந்த கை வேண்டும், அது நாற்பதில் இருந்தால் இன்னும் நல்லது.

உடம்பைப் பற்றி அந்தத் தம்பி சொன்னது உண்மை. எனக்குக் கால் வீங்கும். நல்ல காலணிக்கு யோசிக்காமல் செலவு செய்யுங்கள், ஓய்வு கிடைக்கிற இடத்தில் உட்காருங்கள், நின்றுகொண்டே இருப்பதுதான் சுறுசுறுப்பு என்று நினைக்காதீர்கள்.

---

வவுச்சர் எழுதியது:

ஒரு பிரிவை யாருமே சொல்லவில்லை: தயாரிப்புக் கணக்கு. கணக்கு, அலுவலக நிர்வாகம், கொள்முதல் தெரிந்தவர்களுக்கு இதைவிடச் சீக்கிரம் திறக்கும் கதவு இல்லை. சில்லறைச் செலவு ரசீதுகள், கொள்முதல் உத்தரவு, யாருக்கு எத்தனை மணி நேரம் கூடுதல், வாரக் கடைசியில் எந்தத் தலைப்பில் எவ்வளவு மீதி என்கிற அறிக்கை. சினிமா தெரிந்தவர்களுக்குக் கணக்கு வராது, கணக்கு தெரிந்தவர்கள் சினிமா பக்கம் வரமாட்டார்கள். அதனால் எப்போதும் ஆள் பற்றாக்குறை. முழுத் திரைக்கதையையும் படிக்கக் கிடைக்கும், எல்லாப் பிரிவுத் தலைவர்களும் உங்களிடம் வந்து நிற்பார்கள். ஒரு படம் உண்மையில் எப்படி உருவாகிறது என்பதை வேறு எங்கேயும் இவ்வளவு தெளிவாகப் பார்க்கமுடியாது.

---

ஓரக்காட்சி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரவுப்பணி, கடுமையாக எழுதியதற்கும் நன்றி. ஆறு மாதக் கணக்கை மனைவியோடு உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். இப்போதைக்கு முழுதாக விடமுடியாது என்பது தெளிவாகிவிட்டது. விடுமுறை நாட்களில் மட்டும் ஆரம்பிக்கவேண்டும்.

வவுச்சர், நீங்கள் சொல்வது நடைமுறைக்கு ஏற்றது என்று தெரிகிறது. ஆனாலும் மறுபடியும் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார மனம் வரவில்லை. தளத்தில் நிற்கவேண்டும். கிளாப்போர்டு, நான் செய்துவந்த பட்டியல் வேலைக்கும் உதவி இயக்குநர் பிரிவுக்கும் தொடர்பு உண்டா?

---

கிளாப்போர்டு எழுதியது:

தொடர்பு உண்டா என்றா கேட்கிறீர்கள்? அதுவேதான் அந்த வேலை.

உதவி இயக்குநர் என்றால் இயக்குநருக்குக் கதை சொல்ல உதவுகிறவர் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பல நாடுகளின் தயாரிப்பு முறையில் முதல் உதவி இயக்குநரின் வேலை நேரத்தை நிர்வகிப்பதும் தளத்தின் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்வதும். திரைக்கதை வந்ததும் ஒவ்வொரு பக்கத்தையும் எட்டுப் பாகமாகப் பிரித்து, ஒவ்வொரு காட்சியும் எத்தனை எட்டில் பங்கு என்று குறிப்பார். ஒரு பக்கம் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்பது பொதுவான கணக்கு. ஆனால் "இரு படைகளும் மோதுகின்றன" என்ற ஒரு வரி எட்டில் ஒரு பங்குதான், எடுக்க ஒரு வாரம் ஆகும். அந்த வித்தியாசத்தை முன்கூட்டியே மோப்பம் பிடிப்பதில்தான் அனுபவம் தெரியும். அப்புறம் காட்சிக்குக் காட்சி யார் நடிக்கிறார், என்ன பொருள் வேண்டும், எந்த வாகனம், எத்தனை துணை நடிகர், பகலா இரவா என்று பிரித்து எழுதுவார். அதை வைத்து, ஒரே இடத்தில் நடக்கிற காட்சிகள் சேர்ந்து வரும்படியும், ஒரு நடிகரின் தேதிகள் சிதறாமலும், குழந்தைகளின் நேரக் கட்டுப்பாடு மீறாமலும், இரவு வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் இடையில் போதிய ஓய்வு இருக்கும்படியும் நாட்களை அடுக்குவார். மழை வந்தால் எல்லாம் கலையும், உடனே மாற்று அடுக்கு வேண்டும்.

நர்ஸ் ஒருவர் வராத இரவில் நீங்கள் செய்ததும் இதுதான். யாரைக் கூப்பிட்டால் வருவார், யாருக்கு ஓய்வு பாக்கி, யாரைத் தொடர்ந்து மூன்றாவது இரவும் போடக்கூடாது என்று கணக்குப் பார்த்திருப்பீர்கள். தளத்தில் இருபத்தைந்து வயதுக்காரர்களுக்கு இது சட்டென்று வராது, ஏனென்றால் அவர்கள் யாருடைய களைப்புக்கும் பொறுப்பேற்றதில்லை.

ஒரு எச்சரிக்கை. தளத்தில் நிற்கிற புரொடக்‌ஷன் அசிஸ்டென்டிலிருந்து இந்த இடத்துக்கு வர வருடங்கள் ஆகும். குறுக்குவழி வேண்டுமென்றால் தயாரிப்பு அலுவலகத்தில் ஒருங்கிணைப்பாளரின் உதவியாளராக நுழைந்து, அங்கிருந்து தளத்துக்கு வாருங்கள். மேசை என்று தள்ளவேண்டாம். அந்த மேசையில் யாரும் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

---

வாக்கிடாக்கி2 எழுதியது:

சார், எனக்கு 26 வயது, இரண்டாம் உதவி இயக்குநர். இளையவர்களுக்குச் சங்கடம் இருக்குமா என்று கேட்டிருந்தீர்கள். இருக்கும். அப்பா வயதில் ஒருவரிடம் "அங்கே போய் நில்லுங்கள், நான் சொல்லும்வரை நகராதீர்கள்" என்று சொல்ல வாய் வருவதில்லை. எங்கள் பிரிவுக்கு அப்படி ஒரு பெரியவர் வந்த முதல் நாள், அவர் தூக்கவேண்டிய பெட்டியை நானே தூக்கிக்கொண்டு போனேன். அதனால் என் வேலை கெட்டது, அவருக்கும் கற்றுக்கொள்ள ஒன்றும் கிடைக்கவில்லை.

அன்று மாலை அவரே வந்து தனியாகச் சொன்னார்: "வேலையில் வயது பார்க்காதீங்க தம்பி. தப்பு செய்தால் மற்றவங்ககிட்ட சொல்ற மாதிரியே எங்கிட்டயும் சொல்லுங்க." அதற்கப்புறம் எல்லாம் சுலபமாகிவிட்டது. நீங்களும் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். எங்களால் அதை ஆரம்பிக்க முடியாது.

இன்னொன்று, கொஞ்சம் கஷ்டமான விஷயம். வேறு துறையில் பெரிய பொறுப்பில் இருந்தவர்கள் சிலர், கண்ணுக்குத் தெரிகிற குறையை எல்லாம் சரிசெய்ய யோசனை சொல்ல ஆரம்பிப்பார்கள். யோசனை நல்லதாகவே இருக்கும். ஆனால் டேக் போகும் நேரத்தில், இயக்குநருக்குக் கேட்கும் தூரத்தில் சொன்னால் பிரிவே நொறுங்கிவிடும். எங்களிடம் பேக்கப்புக்கு, அதாவது அன்றைய படப்பிடிப்பு முடிந்ததற்கு, அப்புறம் சொல்லுங்கள், கேட்டுக்கொள்வோம். பதற்றமான தளத்தில் குரல் உயர்த்தாத ஒருவர் இருப்பது எங்களுக்கு எவ்வளவு பெரிய உதவி என்று உங்களுக்குத் தெரியாது. அந்தப் பெரியவரைத்தான் இப்போது ஒவ்வொரு படத்துக்கும் முதலில் கூப்பிடுகிறேன்.

---

சாக்பீஸ் எழுதியது:

இந்த இழையைத் தொடர்ந்து படித்துவருகிறேன். 51 வயது, பள்ளி ஆசிரியை, விருப்ப ஓய்வு வாங்கப்போகிறேன். ஷாட்டுக்கு ஷாட் எதுவும் முரணாக மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளும் கன்டினியூட்டி வேலை எனக்குப் பொருந்துமா? பரீட்சைத் தாள் திருத்தித் திருத்திக் கண் பழகிவிட்டது.

---

தொடர்ச்சி எழுதியது:

டீச்சர், பொருந்தும் என்றே நினைக்கிறேன். ஆனால் அது அடிமட்ட வேலை இல்லை, அந்தப் பிரிவில் பெரும்பாலும் ஒரே ஒரு ஆள்தான். மேலே பார்த்துக் கற்றுக்கொள்ள ஆள் இருக்காது. அதனால் முதலில் ஏற்கெனவே செய்கிறவர் ஒருவரோடு நிழல்போல நிற்கவேண்டும்.

நடிகர் எந்த வார்த்தையில் கோப்பையை எடுத்தார், எந்தக் கையில், எந்த மட்டம்வரை தண்ணீர், சட்டையின் எத்தனாவது பொத்தான் திறந்திருந்தது என்பதெல்லாம் வெளியில் தெரிகிற பகுதி. அதைவிட முக்கியம் குறிப்பேடு. ஒவ்வொரு டேக்குக்கும் எண், நீளம், எந்த லென்ஸ், எங்கே வசனம் மாறியது, இயக்குநருக்கு எது பிடித்தது, ஏன் மற்றது வேண்டாம். மாதங்கள் கழித்து எடிட்டர் அந்தக் குறிப்பை வைத்துத்தான் தேடுவார். புகைப்படம் எடுத்துக்கொள்ளலாமே என்பார்கள். புகைப்படத்தில் கோப்பை இருக்கும், எந்த வார்த்தையில் அது மேசையைத் தொட்டது என்பது இருக்காது.

வீட்டில் ஒரு பயிற்சி: ஏதாவது ஒரு படத்தில் இரண்டு பேர் சாப்பிட்டுக்கொண்டே பேசும் காட்சியை எடுத்துக்கொண்டு, வெட்டுக்கு வெட்டு நிறுத்தி, கை எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் சலிக்காமல் செய்யமுடிந்தால் இந்த வேலை உங்களுக்குத்தான்.

இன்னொரு வழியும் உண்டு. குழந்தை நடிகர்கள் இருக்கும் தளத்தில் ஆசிரியர் இருக்கவேண்டும் என்று கலிஃபோர்னியா போன்ற இடங்களில் சட்டமே இருக்கிறது. உங்கள் பகுதி விதி என்ன என்று விசாரித்துப் பாருங்கள்.

---

இரவுப்பணி எழுதியது:

இழை நன்றாகப் போகிறது, அதனால் ஒரு விஷயத்தை உரக்கச் சொல்லிவிடுகிறேன். வேலைக்காக யாருக்கும் பணம் கட்டாதீர்கள். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், "பெரிய படத்தில் சேர்த்துவிடுகிறேன், முன்பணம் மட்டும்" என்று எந்தப் பெயரில் கேட்டாலும் சரி. தாமதமாக வருகிறவர்களிடம் சேமிப்பு இருக்கும், அவசரமும் இருக்கும். இப்படிப்பட்ட ஆட்கள் குறிவைப்பது அவர்களைத்தான். தொழிற்சங்கத்தில் உறுப்பினர் கட்டணம் வேறு விஷயம், அதைச் சங்க அலுவலகத்தில் நேரில் விசாரித்து ரசீதோடு கட்டலாம். எந்த வேலைக்குச் சங்க அட்டை அவசியம் என்பதும் இடத்துக்கு இடம் மாறும், முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

சம்பளமில்லாத வேலையைப் பற்றியும் சொல்லவேண்டும். மாணவர் படம், நண்பர்களின் குறும்படம் என்றால் இலவசமாகப் போகலாம், அங்கே யாருக்குமே காசு இல்லை. மற்ற எல்லோருக்கும் சம்பளம் கொடுத்து உங்களுக்கு மட்டும் "அனுபவம் கிடைக்குமே" என்றால் மரியாதையாக விலகிவிடுங்கள். படத்தில் உங்கள் பெயர் வருமா, எந்தத் தலைப்பில் வரும் என்பதை முன்பே எழுத்தில் வாங்குங்கள்.

---

ஓரக்காட்சி எழுதியது:

சில மாதங்கள் கழித்து எழுதுகிறேன்.

முதலில் துணை நடிகராக ஒரு விடுமுறை நாள் போனேன். நடிக்க இல்லை, தளம் எப்படி இயங்குகிறது என்று பார்க்க. யார் யாரிடம் பேசுகிறார், எந்தக் குரலுக்கு எல்லோரும் அமைதியாகிறார்கள், லைட் மாற்றும் இடைவெளியில் எந்தப் பிரிவு ஓடுகிறது என்று கவனித்துக்கொண்டே இருந்தேன். காத்திருப்பதுதான் நாளின் பெரும்பகுதி என்று படித்திருந்தேன், அன்று அனுபவத்தில் தெரிந்தது. சலிப்பு வரவில்லை. அது எனக்குப் பெரிய பதிலாக இருந்தது.

அப்புறம் ஒரு வார இறுதிக் குறும்படத்தில் அட்டவணை போடும் பொறுப்பை வாங்கிக்கொண்டேன். திரைக்கதையை எட்டில் பங்காகப் பிரித்து, கிளாப்போர்டு சொன்னபடி காட்சி காட்சியாகப் பிரித்து எழுதினேன். இயக்குநருக்கு 23 வயது. காலையிலேயே அவரிடம் வயது பார்க்கவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வாக்கிடாக்கி2, நீங்கள் சொன்ன வாக்கியத்தையே சொன்னேன். முதல் நாள் மதியம் வீடு தந்தவர் மாலைக்குள் காலி செய்யச் சொன்னார். வெளிப்புறக் காட்சிகளை மறுநாளுக்குத் தள்ளி, உள்ளே எடுக்கவேண்டியதை மட்டும் முன்னால் கொண்டுவந்து முடித்தோம். அந்தக் குழுவில் ஒளிப்பதிவு செய்தவர் தன் அடுத்த வேலையின் தயாரிப்பு அலுவலகத்தில் என் பெயரைச் சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள், ஒருங்கிணைப்பாளரின் உதவியாளர் வேலை, குறுகிய காலத்துக்கு. மருத்துவமனையில் ஊதியமில்லா விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், ஒப்புதல் கிடைக்கும் போலிருக்கிறது.

சுயவிவரத்தில் மருத்துவமனை வருடங்களைப் போடலாமா, சினிமா தொடர்பானதை மட்டும் போடவா?

---

கிளாப்போர்டு எழுதியது:

வாழ்த்துகள் ஓரக்காட்சி. படிக்கும்போதே மனம் நிறைந்துவிட்டது.

ஒரே பக்கம். மேலே குறும்படம், உங்கள் பொறுப்பு, எத்தனை பேர் குழு, எத்தனை நாள். அதற்குக் கீழே மருத்துவமனை, ஆனால் பதவிப் பெயர் வேண்டாம், செய்த வேலையை எழுதுங்கள்: இத்தனை பேருக்கு மூன்று ஷிஃப்டு அட்டவணை, அவசரத்தில் மாற்று ஏற்பாடு, இரவில் போன் எடுக்கும் பொறுப்பு. வாகன உரிமம் இருந்தால் போடுங்கள், முதலுதவிப் பயிற்சி இருந்தால் கட்டாயம் போடுங்கள், மருத்துவமனையில் இருப்பவர் என்பதால் அதைத்தான் முதலில் தேடுவார்கள். பிறந்த தேதி வேண்டாம்.

---

வாக்கிடாக்கி2 எழுதியது:

வாழ்த்துகள் சார்! வாக்கிடாக்கிக்குக் காதில் மாட்டும் கருவியைச் சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள், பொதுவில் கொடுப்பது பாதி வேலை செய்யாது. அதில் பேசுவதற்கு முன் யார் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று இரண்டு நொடி கேளுங்கள். பொத்தானை அழுத்தி, ஒரு நொடி விட்டு, அப்புறம் பேச ஆரம்பியுங்கள். உடனே பேசினால் முதல் வார்த்தை வெட்டுப்பட்டுப் போய்விடும், "வேண்டாம்" என்று ஆரம்பிக்கிற வாக்கியத்தில் அந்த முதல் வார்த்தைதான் முக்கியம்.